மைல் என்று எழுதியிருக்கலாம்

ஓடிய தூரம் காட்டும் மீட்டரைப் பின்னுக்குத் திருப்பி வைத்து வண்டி விற்பவர்களை வாழ்நாள் முழுக்க வெறுத்தவன் நான். திமரூவில் ஒரு பட்டறையில் முப்பத்தோரு வருடம் குழிக்குள் இறங்கி, வண்டிகளின் அடிவயிற்றைத் தட்டிப் பார்த்து, ஓடத் தகுதியானது என்று கண்ணாடியில் வாரண்ட் என்னும் சான்று வில்லை ஒட்டித் தந்தவன். துருவை மறைக்கப் பெயின்ட் அடித்துக்கொண்டு வந்தவர்களை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை சொந்த மைத்துனனின் வண்டியையே தேறாது என்று நிறுத்திவிட்டேன். அவன் இரண்டு கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்தான். இப்போது சொல்ல வாய் வருவதில்லை.

என் மனைவி கோலீனுக்கு ஒரு மோட்டார்ஹோம் வேண்டும் என்பது முப்பது வருடத்து ஆசை. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்க வேண்டும், பிடித்த ஏரிக்கரையில் நிறுத்திக்கொண்டு காலையில் நைட்டியோடு இறங்கி டீ குடிக்க வேண்டும். நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இந்தக் கோடையில் போகாவிட்டால் அடுத்த கோடையில் வண்டிப் படி ஏறத் தன் இடுப்பு விடாது என்று போன மாதம் சொல்லிவிட்டாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

வைமாட்டேயில் ஒரு வண்டி விற்பனைக்கு இருப்பதாகத் தெரிந்து, ஒரு சனிக்கிழமை போனோம். விற்பவர் நைரி. எழுபதைத் தாண்டியவர், உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் கிளைவ் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

நான் பழைய வழக்கப்படி சட்டையை மாற்றிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டேன். திருப்புளியின் பிடியால் ஒவ்வொரு அங்குலமாகத் தட்டினேன். துரு என்று சொல்ல ஒரு பொட்டு இல்லை. கடலோரம் நிறுத்திவிட்டு வந்த ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவியிருக்கிறார் மனிதர். உள்ளே சுவர் மூலைகளை விரல் முட்டியால் தட்டினேன். எங்கும் ஈரம் கோத்த சத்தம் இல்லை. மீட்டர் எழுபத்துநாலாயிரம் காட்டியது. அருகில் பொடி எழுத்தில் மைல் என்று இருந்தது. இங்கிலாந்தில் ஓடி, பிறகு இங்கே கப்பலில் வந்த வண்டி. அப்படி இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

"எப்பவும் அவர்தான் ஓட்டுவார்" என்றார் நைரி. "நான் பக்கத்துல உக்காந்து மேப் பார்த்து வழியத் தப்பாச் சொல்லுவேன். அவரும் தப்புன்னு தெரிஞ்சே திரும்புவார்."

வீட்டுக்குள் டீ கொடுத்தார். நீல நிற டப்பாவைத் திறந்து, மேலே இஞ்சிப்பாகு பூசிய பிஸ்கட் துண்டுகளை வைத்தார். மூடியில் ஒரு வெள்ளைக் குதிரை. இந்த டப்பாவை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று எனக்குள் ஒரு குடைச்சல். கணப்பு மாடத்தின் மேல் கிளைவின் படம் இருந்தது. தொப்பி வைத்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். நைரி அந்தப் படத்தைப் பார்த்து, "கிளைவ், திமரூப் பக்கத்துலருந்து வந்திருக்காங்க. அடியில படுத்தே பார்த்துட்டார்ப்பா" என்றார். பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்வதைப்போல அவ்வளவு இயல்பாக இருந்தது.

கல்லறைக்குக் கல் தயாராகிறது என்றும் சொன்னார். பெயர், தேதி, அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: நேர்மையான மனிதர்.

"குடுத்து வச்சவர்" என்றாள் கோலீன். "இவருக்கு நான் என்னத்த எழுதுறது? குழிக்குள்ளயே இருந்தார், குழிக்கே போனார்னா?"

நைரி சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வண்டி எங்கள் இருவருக்கும் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், விற்பவருக்கும் வாங்குபவர்களைப் பிடித்திருந்தது. ஒரே தடங்கல், எங்களிடம் இருந்தது அவர் கேட்ட விலையைவிட ஆறாயிரம் டாலர் குறைவு. யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினோம். கிளம்பும்போது மிச்ச பிஸ்கட்டை டப்பாவோடு கோலீன் கையில் திணித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோலீன் சமையலறை மேசையில் உட்கார்ந்து வண்டி எண்ணைப் போனில் தட்டினாள். எங்கள் ஊரில் பழைய வண்டி வாங்குகிற யாரும் இதைச் செய்யாமல் இருக்க மாட்டார்கள். எந்த வருடம் எங்கே சோதனை நடந்தது, தேறியதா, மீட்டர் என்ன காட்டியது என்று வண்டியின் முழு ஜாதகமும் வந்து விழும்.

"லின்ஸ், இங்க வா." குரல் மாறியிருந்தது. "ரெண்டாயிரத்திப் பதினெட்டுல ஒரு லட்சத்தி ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அடுத்த வருஷம் அறுபத்தெட்டாயிரத்தி முந்நூறு. வண்டிக்கு வயசு குறையுமா?"

நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் காணாமல் போயிருந்தது.

"மீட்டரச் சுத்தி விட்டிருக்கான்!" என்றாள். "நேர்மையான மனிதராம். கல்லுல வேற வெட்டப் போறாங்களாம்!"

சோதனை நடந்த இடம் என்ற வரிசையைப் பார்த்தேன். நான் வேலை செய்த பட்டறை. பதினான்கு முதல் பதினெட்டு வரை ஐந்து வருடங்கள். பதினெட்டில் கடைசி எண் 1,06,387. ஏழில் முடியும் அந்த எண்ணைப் பார்த்ததும், கடைசி இலக்கம் வரை விடாமல் எழுதும் என் பழக்கம் தெரிந்தது. நீல டப்பாவும் வெள்ளைக் குதிரையும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு பிப்ரவரியும் ஒரு மனிதர் வாரண்ட் போட வருவார், இஞ்சி பிஸ்கட் கொண்டுவருவார், நான் குழியிலிருந்து எண்ணெய்க் கையோடு எட்டி எடுப்பேன்.

மீட்டர் மைல் காட்டினால் மைல் என்று எழுதிக் கட்டத்தில் ஒரு குறி போட வேண்டும். அவ்வளவுதான் விதி. எனக்கு அது போதவில்லை. நாடு கிலோமீட்டருக்கு மாறி எத்தனை காலம் ஆகிறது, இன்னும் மைல் என்ன மைல் என்று, ஒன்று புள்ளி ஆறு பூஜ்யம் ஒன்பதால் பெருக்கிக் கிலோமீட்டராக எழுதுவேன். "கண்ணுல பட்டத அப்படியே எழுதுப்பா லின்சே, உன் புத்திசாலித்தனமெல்லாம் வேணாம்" என்று முதலாளி இரண்டு முறை சொன்னார். எனக்கா சொல்கிறார் என்று நான் இன்னும் கவனமாகப் பெருக்கினேன். பதினெட்டின் இறுதியில் ஓய்வு பெற்றேன். அடுத்த பிப்ரவரியில் என் இடத்துக்கு வந்தவர் மீட்டரில் இருந்த 68,300ஐப் பார்த்தார். பழைய பதிவெல்லாம் கிலோமீட்டரில் இருக்கவே அதையும் கிலோமீட்டர் என்றே எழுதிவிட்டார். கிளைவ் மீட்டரைத் தொடவே இல்லை. திருடர் இல்லாமலே ஒரு திருட்டு நடந்திருந்தது, அதில் பாதிக்கு மேல் என் கைவேலை.

"இதுக்கு வேற அர்த்தம் ஏதாச்சும் உண்டா, இன்ஸ்பெக்டரே?" என்று கோலீன் கேட்டாள்.

சொல்லியிருக்க வேண்டும். அந்த ஐந்து வருடத்து எண்களும் என்னுடையவை என்று சொல்ல வெட்கம் தடுத்தது. அதுகூடப் பரவாயில்லை. வெட்கம் அடங்குவதற்குள் இன்னொன்று தலைகாட்டியது. இந்தக் காகிதம் நைரியின் முன்னால் போனால் விலை இறங்கும்.

"பார்க்கணும்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம். கோலீன் அச்செடுத்த தாளை மேசையில் வைத்து, மென்மையாகத்தான் சொன்னாள். அவளுக்கும் கஷ்டமாக இருந்தது. நைரி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, டீச்சர்கள் விடைத்தாள் திருத்துவதுபோல் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வந்தார். அந்த இரண்டு வரிகளில் விரல் நின்றது.

"கிளைவா?" என்றார்.

தாளிலிருந்து கண்ணை எடுத்தார். என்னைப் பார்த்தார். "நீங்க வாரண்ட் பார்க்குற வேலையில இருந்தவர்னு கோலீன் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியும். இது வேற எப்படியாச்சும் ஆகியிருக்குமா? மெஷின் கோளாறு, எழுதினவங்க தப்பு, இப்படி எதுனா?"

வாய்க்கு நேராகக் கொண்டுவந்து ஊட்டினார். நான் "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பொய் என்று ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை, அது நிஜம். உதட்டைப் பிதுக்கினேன். பட்டறைக்காரர்கள் பழுது பார்க்க வந்த வண்டியின் முன் நின்று உதட்டைப் பிதுக்கி, மூச்சை உள்ளே இழுப்பார்களே, அது. அதைக் கண்டு பயப்படாத வண்டிக்காரர் உலகத்தில் இல்லை. நைரியின் முகம் சுண்டிப்போனது.

"நாப்பத்தாறு வருஷம்" என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவர் சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். உங்கள ஏமாத்தப் பார்த்த மாதிரி ஆயிடுச்சு. விலையில ஆறாயிரம் குறைச்சுக்கலாமா? அது போதுமா?"

எங்களிடம் எவ்வளவு குறைகிறது என்று நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை. அந்தத் தொகையைக் கேட்டதும் கோலீன் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அது தெய்வச் செயல் என்று அவள் நினைத்தாள்.

புறப்படும்போது கவனித்தேன். நைரி கிளைவின் படத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். எப்போது திருப்பினார் என்று தெரியவில்லை.

வண்டியை நான் ஓட்டி வந்தேன். கோலீன் காரில் பின்னால் வந்தாள், வீட்டு வாசலில் இறங்கும்போது ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க வண்டிக்குத் திரைச்சீலை தைத்தாள், கப் தொங்கவிடக் கொக்கி மாட்டச் சொன்னாள். நான் மாட்டினேன். ஓட்டுநர் இருக்கையில் உட்காரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொடி எழுத்து மைல் கண்ணில் குத்தியது. அவள் அதைப் பார்த்துவிடுவாளோ என்று மீட்டருக்கு முன்னால் என் தொப்பியைப் போட்டு வைத்தேன். அறுபத்தொன்பது வயதில் செய்கிற வேலையா இது. விலை போனால் என்ன, பெயர் போய்விட்டதே, அதுவும் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாத மனிதரின் பெயர் என்று மனசு குத்தியது. செத்தவருக்கு என்ன நஷ்டம் என்று நானே அதன் வாயை அடைத்தேன்.

அடுத்த வார வெள்ளிக்கிழமை, வெயில் மறைப்பின் கம்பி ஒன்று குறைகிறதென்று கோலீன் நைரிக்குப் போன் செய்தாள். பேசி முடித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தபோது அவள் முகம் சரியில்லை. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்தம்மா கல்காரர்கிட்டச் சொல்லி அந்த வரிய எடுத்துடச் சொல்லிட்டாங்களாம் லின்ஸ். பேரும் தேதியும் மட்டும் போதும்னு. இன்னைக்குக் காலையில வெட்டி முடிச்சாச்சாம். 'கல்லுல பொய் எழுதக் கூடாது இல்லையா கோலீன்'னு கேக்குறாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. நாம அந்தத் தாளக் காட்டியிருக்கவே வேணாமோ?"

கையில் இருந்த தட்டை வைத்துவிட்டேன். துணியால் கையைத் துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெருக்கலை, ஏழில் முடியும் எண்ணை, நீல டப்பாவை, உதட்டுப் பிதுக்கலை. பாதியிலேயே அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"என்னைப் பேச விட்டுட்டுப் பக்கத்துல உக்காந்திருந்த."

"ஆமா."

"எனக்காகத்தான்னு மட்டும் சொல்லிடாத. அத மட்டும் சொல்லிடாத." அவள் சத்தம் போடவில்லை. "நாளைக்குக் காலையில நீ போற. தனியாப் போற. உன்கூட வர எனக்கு மூஞ்சி இல்ல."

காலையில் நீல டப்பாவைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்திருந்தாள். யார் டப்பாவையும் வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது, வீட்டில் சுட்ட ஒரு ஸ்கோன் ரொட்டியாவது போட்டுத்தான் கொடுப்போம். கோலீன் என்றால் நிரம்பி வழியும். எடுத்துப் பார்த்தேன், காலியாக இருந்தது. கேட்கவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு வைமாட்டே போனேன். நைரி கதவைத் திறந்ததும் வெளியே நின்ற வண்டியைப் பார்த்துப் பதறினார். "ஏன், ஏதாவது ரிப்பேரா? இன்னும் என்னவாச்சும் செஞ்சு வச்சிருக்காரா?"

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உள்ளேகூடப் போகாமல், வாசலிலேயே நின்று சொன்னேன். பதினான்கு முதல் பதினெட்டு வரை அந்த எண்களை எழுதியது நான் என்றேன். மீட்டர் காட்டுவது மைல் என்றேன். செவ்வாய்க்கிழமை நீங்கள் கேட்டபோதே எனக்குத் தெரியும் என்றேன். வண்டி இதோ இருக்கிறது, வேண்டுமானால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், பதிவைத் திருத்தச் சொல்லி நானே எழுதிக்கொடுக்கிறேன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

நைரி உள்ளே போனார். பின்னால் போனேன். அவர் அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். மேசையில் விரித்து, பென்சிலைச் சீவி, தாளின் பின்பக்கம் 68,300 என்று எழுதி, அதற்குக் கீழே 1.609 என்று எழுதினார். கால்குலேட்டர் எதுவும் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல ஒவ்வொரு வரியாகப் பெருக்கினார். 1,09,895 வந்தது. அதிலிருந்து என் 1,06,387ஐக் கழித்தார்.

"மூவாயிரத்து ஐநூத்தி எட்டு" என்றார். அந்த எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். "அந்த வருஷம் வடக்கு முனை வரைக்கும் போயிட்டு வந்தோம். கப்பல்ல வண்டிய ஏத்தி, கேப் ரெயிங்கா கலங்கரை விளக்கம் வரைக்கும். அதுக்கப்புறம் அவருக்கு முதுகுவலி, அந்த வருஷம் முடியுற வரைக்கும் வண்டிய வெளியவே எடுக்கல. சரியா அவ்வளவுதான் வரும்."

"நைரி, நான்..."

"இருங்க. நான் கணக்கு டீச்சர், லின்சே. இந்த ஒரு பெருக்கல் எனக்கு ரெண்டு நிமிஷ வேலை. ஒம்பது வருஷம் அந்த மீட்டர் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். நாப்பத்தாறு வருஷம் அந்த மனுஷன் பக்கத்துல. ஒரு தாள் கொண்டுவந்து வச்சீங்க, நான் பெருக்கிப் பார்க்கல. நம்பிட்டேன்."

"தப்பு என்னோடது" என்றேன்.

"உங்களோடது உங்களோடது. நான் இல்லைன்னு சொல்லலயே" என்றார். "ஆறாயிரத்துக்கு நீங்க அவர் பேர வாங்கினீங்க. வித்தது யாரு? வண்டிய நீங்களே வச்சுக்கோங்க, அது எனக்கு இனிமே வேணாம். பதிவத் திருத்திக் குடுங்க. கல்லுல இடம் விட்டிருக்காம், அந்த வரியப் பின்னாலயும் வெட்டலாம்னு எடுக்கச் சொன்ன அன்னைக்கே சொன்னாங்க. ஆனா பின்னால வெட்டின எழுத்து தனியாத் தெரியும்னு கல்காரர் சொன்னார். தெரியட்டும்."

ஆறாயிரத்தையும் திருப்பித் தருவதாகக் கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டு எழுதிக் கொண்டுவந்திருந்தேன். அதற்காகக் கடன் வாங்க வேண்டும், அது வேறு கதை. மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. நான் டப்பாவையும் பக்கத்தில் வைத்தேன். அவர் மூடியைத் திறந்தார், காலியாக இருப்பதைப் பார்த்தார், மூடினார். அதன் மேலிருந்த குதிரையை விரலால் தடவிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிப்ரவரியில இந்த பிஸ்கட் தின்ன ஆள் நீங்கதானா?"

தலையை ஆட்டினேன்.

அவர் எழுந்து கணப்பு மாடத்துக்குப் போனார். படத்தை மெதுவாக இந்தப் பக்கம் திருப்பி, கண்ணாடியில் இருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"பதினோரு நாளா இவர்கூடப் பேசல" என்று எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார். "செத்தப்புறம்கூட ஒரு நாள் நான் அப்படி இருந்ததில்ல."

பிறகு படத்தைப் பார்த்து, எப்போதும் பேசுகிற குரலில் பேசினார். "கிளைவ், உன் பட்டறைக்காரர் வந்திருக்கார். ஒவ்வொரு வருஷமும் வாரண்ட் போட்டுட்டு வந்து சொல்லுவியே, எதையும் ரெண்டு தடவ சரிபார்க்குறவர், நேர்மையான மனுஷன்னு. அவர்தான்."

குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.